வெள்ளை எழுத்து

கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது. சாதாரண நாளிலேயே 'ப', 'ம' என்று தொடங்கும் சொற்களில் நாக்கு முட்டிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு மீதிச் சொல் தடாலென்று வந்து விழும். பதினோரு வருடமாக இந்தத் திக்கலோடுதான் பாடம் நடத்துகிறாள். வாயால் சொல்ல வேண்டியதில் பாதியைப் போர்டில் எழுதிவிடுவாள். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தான் யோசிப்பதே இல்லை என்பாள். உண்மையில் யோசிக்காத நாளில்லை.

லேபில் இருபத்துநான்கு மெஷின்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருபத்துநான்கு பேர். ஆளுக்கு ஒரு மெஷின், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. சுவரில் அவளே டைப் செய்து, லேமினேட் போட்டு ஒட்டிய பன்னிரண்டு விதிகள். வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் அதன் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். பள்ளிக் கம்ப்யூட்டரைப் பாடத்துக்குத் தவிர வேறு எதற்கும், குறிப்பாக அரட்டை அடிக்கவோ அடுத்தவரை இழிவுபடுத்தவோ பயன்படுத்தக் கூடாது என்றது ஒன்பதாவது விதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் ஏழாம் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய பொது ஷீட் ஒன்றை அவள்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். வரிசைக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தவள், பதினோராம் மெஷினுக்கு வந்ததும் நின்றாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஸ்டாஃப் ரூமில் 'வக்கீல்' என்று பெயர். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று மல்லுக்கட்டுவாள். போர்டில் ஒரு கமா விட்டுப்போனால்கூடச் சொல்லிக்காட்டுவாள். அதைவிட மோசம், மிஸ்ஸுக்கு ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டால் அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவாள். வக்கீலைக் கண்டாலே மிஸ்ஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

வக்கீலின் திரையில் பயிற்சி இல்லை. பொது ஷீட்டின் இரண்டாம் பக்கம் திறந்திருந்தது. வெறும் கட்டங்கள், ஒன்றிலும் எழுத்தில்லை. மிஸ்ஸின் நிழல் விழுந்ததும் அந்தப் பெண் அவசரமாக மவுஸை நகர்த்த, அம்புக்குறி ஒரு காலிக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. கட்டம் காலிதான். ஆனால் மேலே, கட்டத்துக்குள் இருப்பதைக் காட்டும் நீளப் பட்டையில், எழுத்துகள் வந்தன.

"லோடிங் வந்துட்டா. 40%... 41%..."

மிஸ்ஸுக்குச் சட்டென்று புரியவில்லை. குனிந்து மவுஸை வாங்கினாள். இன்னொரு கட்டத்தை அழுத்தினாள். "இன்னைக்கு 'மெமரி'ல மாட்டும் பாரு. பந்தயமா?" அடுத்தது. "மெ மெ மெ. ஆடு வந்துடுச்சு."

வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து. பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்தின் நிறத்தைக் கறுப்பாக மாற்றினாள். எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றினது போல் திரை முழுக்கக் கறுகறுவென்று கிளம்பி வந்தது. நான்கு மாதத்து அரட்டை. எங்கு பார்த்தாலும் லோடிங், லோடிங். அவளுக்கு வைத்த பெயர். "பஃபர் ஆகுது, யாராவது ரீஸ்டார்ட் பண்ணுங்கடா." பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"யாரு?" என்றாள்.

முதல் வரிசையிலிருந்து வகுப்பு லீடர் எழுந்து வந்தான். நெடுநெடுவென்று உயரம், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. மிஸ்ஸின் பையைத் தூக்கி வருவது, புரொஜெக்டரைச் சரி செய்வது எல்லாம் அவன்தான். அடுத்த வாரம் மாநில அளவு புரோகிராமிங் போட்டிக்குப் பள்ளியின் சார்பில் போகப் போகிறவனும் அவன்தான்.

"விடுங்க மிஸ். நீங்க உக்காருங்க. தண்ணி குடிங்க," என்று தன் பாட்டிலை நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இதுல எழுதியிருக்கேன் மிஸ்," என்றாள் வக்கீல். "அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. மத்தபடி யார் யார்னு நான் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கிறது உங்க வேலை."

அந்தக் கடைசி வரிதான் வினையானது. மிஸ்ஸின் காது மடல்கள் சுட்டன.

"க... கண்டுபிடிக்க என்ன இருக்கு? நீதான். மொ... மொத்தமும் உன் வேலைதான். இந்த வாய்க்கொழுப்பு வேற யாருக்கு இருக்கு இந்த வகுப்புல?"

வக்கீலின் முகம் வெளுத்தது. நோட்டை மூடி வைத்தாள்.

மதியத்துக்குள் புகார் எழுதியாயிற்று. "இதற்கு மூலகாரணமாக இருந்தவர்" என்று வக்கீலின் பெயர். "உடந்தையாக இருந்தவர்கள்" என்று கடைசி வரிசைப் பையன்கள் இருவரின் பெயர். அந்த இருவரின் பெயரை எழுதும்போது மிஸ்ஸின் கையில் ஓர் ஆதாரமும் இல்லை. இருமல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான். பிரின்சிபால் மேடம் கடகடவென்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பையன்களுக்கு ஒரு வாரம் லேபுக்குள் வரத் தடை. வக்கீலுக்கு வருடம் முடியும் வரை தடை, செய்முறைத் தேர்வுக்கான பள்ளி மதிப்பெண் பூஜ்யம். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மிஸ் வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தங்கை கல்யாணம் வேண்டாம் என்று நின்றதிலிருந்து இருவரும் ஒரே வீட்டில்தான்.

"நல்லா வேணும் அந்தக் கழுதைக்கு," என்றாள் அக்கா, காய் நறுக்கிக்கொண்டே. "சின்ன வயசுல உன்னைக் கேலி பண்ணினவன் ஒவ்வொருத்தனையும் நான் மண்டையிலேயே போட்டிருக்கேன், ஞாபகம் இருக்கா? ஆமா, இவதான் எழுதினான்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்க்கா. அவ முழியே சொல்லுது."

அக்கா கத்தியை நிறுத்தித் தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலை வக்கீலின் அம்மா வந்தாள். பஸ் கண்டக்டர். டூட்டியிலிருந்து நேரே வந்திருந்தாள் போல. காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கழுத்தில் விசில். பிரின்சிபால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வக்கீல் கதவோரம் நின்று காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விதின்னு ஒண்ணு இருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்று ஆரம்பித்தார் பிரின்சிபால்.

"விதி வேணாம்னு யார் சொன்னா? காலையில அஞ்சு மணியிலேர்ந்து நானும் விதிதான் பேசிட்டு வரேன். டிக்கெட் எடுக்காம எவன் ஏறினாலும் இறக்கி விட்டுடுவேன். ஆனா கையை நீட்டி டிக்கெட்டைக் கேட்டுப் பாத்துட்டுத்தான் இறக்குவேன். மூஞ்சி பிடிக்கலைன்னு பக்கத்து சீட்டுக்காரியை இறக்கி விட மாட்டேன்."

"உங்க பொ... பொண்ணே ஒத்துக்கிட்டா," என்றாள் மிஸ்.

"என்னத்த ஒத்துக்கிட்டா? எழுதினேன்னு ஒத்துக்கிட்டா. எதை எழுதினா?" மேசை மேலிருந்த பிரிண்டைக் கண்டக்டர் இழுத்து மிஸ்ஸின் முன்னால் போட்டாள். "நாலு பக்கம் இருக்கே. இதுல என் பொண்ணு எழுதினது எது? விரல் வெச்சுக் காட்டுங்க."

மிஸ் காகிதத்தைப் பார்த்தாள். வரிகள் இருந்தன, பெயர்கள் இல்லை. விரல் எழவில்லை.

"தெரியாது இல்ல?" என்றாள் கண்டக்டர். குரல் தணிந்திருந்தது. கத்தியபோது இருந்ததைவிட அதுதான் பயமாக இருந்தது. மகள் பக்கம் திரும்பினாள். "நீயாவது வாயைத் திறடி."

"திறக்க மாட்டேன்."

"வீட்ல மட்டும் வாய் காது வரைக்கும் கிழியுது! இங்க என்ன கேடு?"

"அவங்க கேக்கவே இல்லம்மா. முடிவு பண்ணிட்டாங்க. இப்போ நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆகும்."

பிரின்சிபால் மணியைப் பார்த்தார். "கடிதம் குடுத்தாச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது. போயிட்டு வாங்க."

கண்டக்டர் போகும்போது மிஸ்ஸின் பக்கம் வந்து நின்றாள். "உங்களை அந்த மாதிரி எழுதினது கேவலம். அதை என் பொண்ணு எழுதியிருந்தா நானே அவளை முட்டி போட வைப்பேன். ஆனா நீங்க செஞ்சதும் அதே கேவலம்தான்."

அன்று மதியம் கடைசி இரண்டு பீரியடும் லேப் காலியாக இருந்தது. மிஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஷீட்டைத் திறந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்று கம்ப்யூட்டர் தானாகவே குறித்து வைத்திருக்கும். இதை வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறவளே அவள்தான். செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்குத் தன்னிடமே பதில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மொத்தம் இருநூற்றுச் சொச்சம் வரிகள். முதல் வரியிலேயே 'லோடிங்' இருந்தது. எழுதியது லீடர். வெள்ளை எழுத்து யோசனையும் அவனுடையதுதான். 'ஒயிட்ல எழுதுங்க, கெழவிக்குத் தெரியாது' என்று இரண்டாவது வரியிலேயே வழி காட்டியிருந்தான். பாதிக்கு மேல் அவன் பெயர். ஒரு நாள் காலை பத்தேகாலுக்கு ஆட்டுக் கத்தல். அதே நாள் பத்தரைக்கு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வரை வந்திருந்தான். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அவனிடம், "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றுகூடச் சொன்னாள்.

கடைசி வரிசைப் பையன்களில் ஒருவன் பத்து வரி. இன்னொருவன் ஒரு வரிகூட இல்லை.

வக்கீல் ஒன்பது வரி எழுதியிருந்தாள். ஐந்து வரிகள் பயிற்சியில் சந்தேகம். ஒன்று, "பாடத்தைக் கவனிக்க விடுங்கடா. ப்ராக்டிகல்ல மார்க் போனா நீங்களா தருவீங்க?" இன்னொன்று, "திக்குறது அவங்க உடம்பு. அதை வெச்சு விளையாடுறது உங்க புத்தி." மூன்றாவது, "நிறுத்துங்க, போரடிக்குது." ஒன்பதாவதாக ஒன்று இருந்தது: "அவங்க ஸ்லோதான். ஆனா தப்பா நடத்த மாட்டாங்க, போன வாரத்தைத் தவிர."

மிஸ் இந்தக் கடைசி வரியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவள் ஒரு ஃபார்முலாவைத் தப்பாகத்தான் நடத்தியிருந்தாள். வக்கீல் எழுந்து சொன்னபோது, "உட்காரு, அதிகப்பிரசங்கி" என்று உட்கார வைத்திருந்தாள்.

மறுநாள் முதல் மணிக்கு முன்னால் லீடரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவன் முகம் ஒரு கணம்தான் கறுத்தது. உடனே பழைய பணிவு வந்துவிட்டது.

"சும்மா ஜாலிக்கு மிஸ். உங்க மேல மரியாதை இல்லாம இல்ல."

"அவளுக்குத் தண்டனை குடுத்தப்ப ஏன் சும்மா நின்ன?"

"அவ பேரை நான் சொல்லலையே மிஸ். நீங்கதான சொன்னீங்க." புன்னகைகூடச் செய்தான். "நீங்களே இவ்வளவு நிச்சயமா சொல்றப்ப நான் குறுக்க பேசினா மரியாதையா இருக்குமா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதில் பொய்யாக ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் கொடுமை. "போ," என்றாள்.

பிரின்சிபால் புதுப் பிரிண்டை விரலால்கூடத் தொடவில்லை.

"இப்போ இதைக் கொண்டு வந்து நீட்டினா நான் என்ன செய்ய? வர்ற திங்கட்கிழமை அந்தப் பையன் போட்டிக்குப் போறான். பேர் குடுத்தாச்சு. அவனை நிறுத்தினா நம்ம பள்ளிக்கூடம்தான் சந்தி சிரிக்கும். அந்தப் பொண்ணும் எழுதினேன்னு ஒத்துக்கிட்டிருக்கா. அப்படியே போகட்டும்."

"அவளுக்கு பூ... பூ..."

"பூஜ்யம் போட்டது அதிகம்ங்கிறீங்க. சரி, அஞ்சு மார்க் வேணா..."

"மேடம்." மிஸ் கையை உயர்த்தினாள். "நானே சொல்லி முடிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நீங்க கேக்கணும்."

பிரின்சிபாலின் வாய் திறந்தபடி நின்றது.

"அவளுக்குப் பூஜ்யம் போட்ட மார்க் லிஸ்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாட டீச்சர் கையெழுத்து இல்லாம அந்த லிஸ்ட் இங்கிருந்து போகாது. ஒருத்திக்கு மட்டும் இல்ல, மொ... மொத்த வகுப்புக்கும் போகாது. என் புகாரை நான் வாபஸ் வாங்கறேன். தப்பு என்னுதுன்னு எழுதியே குடுக்கறேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா மேடம்."

அந்த அறையில் யாரும் பிரின்சிபாலிடம் அப்படி ஒத்துக்கொண்டதில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"எழுதிக் குடுங்க. ஆனா ஒண்ணு. விசாரிக்காம ஒரு பொண்ணு பேரைக் கெடுத்த டீச்சர்னு உங்க ஃபைல்லயும் ஒரு மெமோ ஏறும். லேப் பொறுப்பும் உங்ககிட்ட இருக்காது. சம்மதமா?"

"அது உண்மைதானே மேடம்," என்றாள் மிஸ்.

அன்று சாயங்காலமே புது உத்தரவு வந்தது. வக்கீலுக்குத் தண்டனை ஒரு வாரமாகக் குறைந்தது, அதில் பாதி ஏற்கெனவே கழிந்துவிட்டது. பூஜ்யம் ரத்து. ஒன்றுமே எழுதாத பையனுக்குத் தண்டனை ரத்து. லீடருக்கு வருடம் முடியும் வரை தடை என்று போட்டுவிட்டு, அது போட்டி முடிந்த மறுநாளிலிருந்து அமலுக்கு வரும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார் பிரின்சிபால். மிஸ் அதை எதிர்த்து இரண்டாவது தடவையும் போய் நின்றாள். இந்தத் தடவை கதவே திறக்கவில்லை. லீடர் போட்டிக்குப் போனான். மூன்றாம் இடம் வாங்கிக்கொண்டு வந்தான். காலைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வக்கீலின் தடை முடிந்த செவ்வாய்க்கிழமை அவள் லேப் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. மிஸ் வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஷீட்டோட ஹிஸ்டரியைப் பார்த்தேன். நீ எழுதினது என்னன்னு தெரியும். நான் செஞ்சது தப்பு. அதைச் சொல்லணும்னுதான்..."

"இங்கயா சொல்றீங்க?" என்றாள் வக்கீல்.

"வேற எங்க?"

"என்னைத் திட்டினது இருபத்துநாலு பேர் முன்னாடி மிஸ். மன்னிப்பு மட்டும் வாசல்ல கதவைச் சாத்திட்டா?"

மிஸ்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம்! இவளுக்காக மெமோ வாங்கி, பொறுப்பைப் பறிகொடுத்து நிற்கிறோம், இவள் என்னடாவென்றால்... அடுத்த நொடியே அந்தக் கோபம் செல்லாத கோபம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வக்கீல் பின்னால் வந்தாள்.

மிஸ் போர்டில் எழுதவில்லை. வகுப்பைப் பார்த்து நின்று வாயாலேயே சொன்னாள். போன வாரம் இந்தப் பெண்மேல் சொன்ன பழி பொய் என்றும், ஆதாரம் கையில் இருந்தும் பார்க்கவில்லை என்றும், பிடிக்காத பிள்ளை என்பதால் பார்க்கத் தோன்றவில்லை என்றும் சொன்னாள். அந்த ஃபார்முலா விஷயத்திலும் இவள் சொன்னதுதான் சரி என்றாள். 'மன்னிப்பு' என்ற சொல் மூன்று தடவை மாட்டி, நான்காம் தடவை வந்தது. முதல் வரிசையில் லீடரின் இடம் காலியாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒன்றுமே எழுதாமல் தண்டனை வாங்கிய பையனிடம் தனியாக ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாள். அவன் வெட்கத்தில் நெளிந்து, "பரவாயில்ல மிஸ்," என்றான்.

வக்கீல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மதிய இடைவேளையில் அவள் நோட்டோடு மறுபடியும் வந்தாள். லேபின் புதுப் பொறுப்பாளர் ஒரு கணக்கு வாத்தியார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

"மூணு லேப் எனக்குப் போச்சு மிஸ். உங்களால போச்சு. நீங்கதான் நடத்தணும்."

"நடத்தறேன்."

"மன்னிப்புக் கேட்டதுக்காக உங்களை எனக்குப் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. பிடிக்கல."

"எனக்கும் உன்னைப் பிடிக்கல," என்றாள் மிஸ். ஒரு சொல்கூட முட்டவில்லை.

வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பென்சிலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினாள்.

"இந்த லூப் நிக்கவே மாட்டேங்குது. எங்க தப்புன்னு சொல்லுங்க."

மிஸ் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.